போன் ஒன்று, பிள்ளைகள் நாற்பது: அதிகம் செலவழிக்காமல் வகுப்பறையில் தொழில்நுட்பத்தைத் தொடங்குவது எப்படி?

வகுப்பில் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த புரொஜெக்டர் வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், கடைசியில் அதற்கும் வருவோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. இந்த வாரம் நடத்தப்போகும் பாடத்தில் கரும்பலகையும் சாக்பீஸும் என் குரலும் சேர்ந்தும் செய்ய முடியாதது எது? மின்சுற்றில் எலக்ட்ரான் ஓடுவதைக் காட்ட முடியவில்லையா, ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் நான்காம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கிறதா, கேள்வி கேட்டால் அதே ஐந்து பேர்தான் கை தூக்குகிறார்களா? இதற்கு விடை தெரிந்தால் எந்தக் கருவி வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். பல நேரம் அந்தக் கருவி ஏற்கெனவே உங்கள் சட்டைப் பையிலோ கைப்பையிலோதான் இருக்கும்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, சிறிய தனியார் பள்ளி என எங்கே வேலை பார்த்தாலும், கையில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் மட்டும் இருக்கிற ஆசிரியரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு இருக்கும் பள்ளி என்றால் நல்லது. இல்லாவிட்டாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி நடக்கும்.

முதலில் போனைத் தயார் செய்யுங்கள்

வருகைப் பதிவு, எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் விவரப் பதிவுத் தளம்) பதிவேற்றம், வாட்ஸ்அப் குழுக்கள் என்று நம் போன்கள் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றன. வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டாலே பாதி இடம் மிச்சம். பள்ளிக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள். 15 ஜிபி இலவசமாகக் கிடைக்கும், சொந்தப் புகைப்படங்களோடு வினாத்தாள்கள் கலந்து கிடக்காது. போனில் வகுப்பு வாரியாக ஒரு ஃபோல்டர், அதற்குள் பாட வாரியாக இன்னொன்று. இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் இதைச் செய்யாதவர்கள்தான் வகுப்பு நடுவில் நின்று, நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கேலரியை மேலும் கீழும் தள்ளித் தேடுகிறார்கள்.

வகுப்புக்குள் போகும்போது ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். அப்புறம் புளூடூத்தையோ வைஃபையையோ மட்டும் தேவைப்பட்டால் தனியாகத் திறந்துகொள்ளலாம். அழைப்பு வராது, வங்கிச் செய்தி திரையில் வந்து விழாது. பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பதாக இருந்தால் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் ஆப் பின்னிங் என்று ஒன்று இருக்கும், சில போன்களில் வேறு பெயரில் இருக்கலாம். அதைப் போட்டு, கடவு எண் கேட்கும்படியும் வைத்துவிட்டால் நீங்கள் திறந்து கொடுத்த செயலியை விட்டு வெளியே போக உங்கள் கடவு எண் வேண்டும். பிள்ளைகளை நம்பாததால் சொல்லவில்லை. உங்கள் போனில் உங்கள் குடும்பமும் பணமும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

படத்துக்கு முன்னால் சத்தம்

வாங்குவதற்கு ஒரே ஒரு பொருள்தான் என்றால் நான் சொல்வது புளூடூத் ஸ்பீக்கர். ஆயிரம் ரூபாய்க்குள் ஓரளவு நல்லதாகவே கிடைக்கிறது. திரை இருந்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள், உண்மைதான். ஆனால் கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கேட்காத வீடியோ வெறும் அசையும் படம்.

ஸ்பீக்கரின் முழுப் பயன் ஈராசிரியர் பள்ளிகளில்தான் தெரியும். ஒரே அறையில் மூன்று வகுப்பு, ஆசிரியர் ஒருவர். அங்கே இப்படிச் செய்யலாம். முந்தைய நாள் மாலை, போனிலுள்ள ரெக்கார்டரில் நான்காம் வகுப்புக்கான சொல்வதை எழுதுதலை உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். ஒரு சொல்லைச் சொல்லி, எட்டு விநாடி இடைவெளி விட்டு, மறுபடி அதே சொல், மறுபடி இடைவெளி. பத்துச் சொற்கள் முடிந்ததும் "இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, சரியான எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: "பள்ளம், நடுவில் ப-வுக்கு அடுத்து ள-வுக்குப் புள்ளி" என்கிற மாதிரி. மொத்தம் ஐந்தாறு நிமிடம். அறையின் ஒரு மூலையில் ஸ்பீக்கரை மெதுவான சத்தத்தில் வைத்துவிட்டு நீங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்காரலாம். பழக்கமான குரல் என்பதால் பிள்ளைகள் கவனமாகக் கேட்பார்கள். இணையத்தில் கிடைக்கும் அழகான குரலைவிட டீச்சரின் குரலுக்குத்தான் மதிப்பு அதிகம். அந்தப் பதிவு அடுத்த ஆண்டும் உதவும், அன்று பள்ளிக்கு வராத பிள்ளைக்கும் உதவும்.

கதைக்கும் இதே வழிதான். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறையப் படக்கதைகள் நிலை வாரியாக இருக்கின்றன. பொது உரிமத்தில் இருப்பதால் தரவிறக்கி, அச்சடித்து, வாசித்துப் பதிவு செய்து பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் சொன்னால் போதும்.

நெட்டை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள்

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் தொழில்நுட்பம் பாதி வசப்பட்ட மாதிரி. வகுப்பில் தேவைப்படும் எல்லாம் முந்தைய நாளே போனில் இறங்கியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சிக்னல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

பாடநூலிலிருந்தே தொடங்கலாம். 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது பாடநூல்களில் க்யூஆர் கோடுகளும் வந்தன. அந்தக் கட்டத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. திக்‌ஷா செயலியால் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ வரும். அங்கேயே தரவிறக்கிக்கொண்டால் பிறகு நெட் வேண்டாம். பள்ளிக்கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த மணற்கேணி செயலியிலும் பாட வாரியாக வீடியோக்கள் உண்டு. எதை எடுத்தாலும் முழுதாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வகுப்பில் காட்ட வேண்டும். எட்டு நிமிட வீடியோவில் உங்களுக்கு வேண்டியது நடுவிலுள்ள ஒன்றரை நிமிடமாக இருக்கலாம். அதை மட்டும் காட்டி, நிறுத்தி, கேள்வி கேளுங்கள். முழு வீடியோவையும் ஓடவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருப்பது பாடம் நடத்துவதாகாது.

அறிவியல், கணக்கு ஆசிரியர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஃபெட் என்ற இணையதளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்று, பின்னம், அணு அமைப்பு, ஊசல், பொருளின் நிலைகள் என்று நாமே கையால் மாற்றிப் பார்க்கும் உருவகப் பாடங்கள். எல்லாம் இலவசம், பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாகக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும்.

ஆனால் ஒன்று. பேட்டரி, ஒயர், சின்ன பல்பு வாங்கிச் செய்யக்கூடிய சோதனையைத் திரையில் காட்டாதீர்கள். பிள்ளை தன் கையால் ஒயரைத் தொட்டு பல்பை எரியவிடுவதற்கு எந்தச் செயலியும் ஈடில்லை. திரை தேவைப்படுவது அதற்கு அப்புறம்: ஒயருக்குள் என்ன ஓடுகிறது, இரண்டாவது பல்பைத் தொடராக இணைத்தால் ஏன் வெளிச்சம் குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதற்கு. அப்போதும் சுவிட்சைப் போடும் முன்பு "இப்போது என்ன ஆகும், கூடுமா குறையுமா?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிய பிறகு போடுங்கள்.

கணக்குக்கு ஜியோஜீப்ரா என்ற செயலி இருக்கிறது. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்க இழுக்கக் கோணங்கள் மாறிக்கொண்டே போகும், கூட்டினால் 180 அப்படியே நிற்கும். அதைப் பார்த்த பிள்ளைக்குத் தேற்றம் மறக்காது. பொது அறிவுக்கும் செயல்திட்டங்களுக்கும் கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் நெட் இல்லாமல் கிடைக்கும். படங்கள் இல்லாத பதிப்பை எடுத்தால் இடமும் குறைவு. விக்கிப்பீடியாவில் எழுதியிருப்பதையும் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கும் இதுவே நல்ல சாக்கு.

போனில் இருப்பதை எல்லாரும் பார்ப்பது எப்படி?

நாற்பது பேர் ஆறு அங்குலத் திரையைப் பார்க்க முடியாது. பள்ளியில் டிவி இருந்தால் நல்லது. போனை டிவியோடு இணைக்க மூன்று வழி. இதில்தான் பலருக்குப் பணம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, கம்பியில்லாமல். பல ஸ்மார்ட் டிவிகளிலும் போன்களிலும் மிராகாஸ்ட் வசதி இருக்கிறது. ஸ்கிரீன் மிரரிங், ஸ்மார்ட் வியூ என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். இதற்கு இணைய இணைப்பு தேவையில்லை, போனும் டிவியும் நேரடியாகவே பேசிக்கொள்ளும். முதலில் இதை முயன்று பாருங்கள்.

இரண்டு, யூஎஸ்பி-சி வழியாக எச்டிஎம்ஐ கேபிள். கடைக்காரர் ஒரு அடாப்டரை எடுத்துக் கொடுத்து "எல்லா போனுக்கும் வேலை செய்யும் சார்" என்பார். செய்யாது. போனின் யூஎஸ்பி துளை டிஸ்ப்ளே போர்ட் வெளியீட்டை ஆதரிக்க வேண்டும், விலை குறைந்த போன்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. உங்கள் மாடலின் விவரக்குறிப்பைப் பார்க்காமல் அந்த அடாப்டரை வாங்காதீர்கள்.

மூன்றாவது வழி, பழைய லேப்டாப் ஒன்று கைவசம் இருப்பவர்களுக்கு. எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஸ்க்ரீன் காப்பி என்று சொல்வார்கள், தேடும்போது அந்த ஆறு எழுத்துகளை அடியுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், விளம்பரம் கிடையாது, நெட்டும் வேண்டாம். போனில் செட்டிங்ஸுக்குப் போய் அபவுட் போன் பகுதியில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்தால் போன் திரை அப்படியே லேப்டாப்பில் வரும். லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு. வேலை முடிந்ததும் யூஎஸ்பி டீபக்கிங்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள், திறந்தே வைத்திருப்பது பாதுகாப்பில்லை.

இணைப்பு கிடைத்துவிட்டால் வீடியோ காட்டுவதைவிடப் பெரிய பயன் ஒன்று காத்திருக்கிறது. மேசையில் ஒரு ஸ்டாண்டில் (முந்நூறு ரூபாய் அளவில் வரும், இல்லையென்றால் நாலு தடிமனான புத்தகங்களை அடுக்கி நடுவில் ஒரு ஸ்கேலைச் செருகினாலும் போதும்) போனைக் கீழ்நோக்கி வைத்து கேமராவைத் திறந்துவிடுங்கள். இப்போது அதற்குக் கீழே எதை வைத்தாலும் வகுப்பு முழுக்கத் தெரியும். கவராயத்தை எப்படிப் பிடிப்பது, தேசப்படத்தில் காவிரி எங்கே திரும்புகிறது, செம்பருத்திப் பூவை அரிந்தால் உள்ளே சூலகம் எப்படி இருக்கிறது. முக்கியமாக, ஒரு பிள்ளையின் நோட்டு. அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, பெயரை மறைத்து, அது கணக்கைப் போட்டிருக்கும் வழியை எல்லாருக்கும் காட்டி "இந்த மூன்றாவது வரிக்கு எப்படி வந்திருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் டாக்குமெண்ட் கேமரா செய்வதும் இதே வேலைதான்.

கை தூக்காத பிள்ளைகளுக்காக: பிளிக்கர்ஸ்

குறைந்த செலவில் வகுப்பையே மாற்றக்கூடியது எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளைகளிடம் போன் வேண்டாம், டிவி இல்லாமலும் ஓடும். உங்கள் ஒரு போனும் காகித அட்டைகளும் போதும்.

பிளிக்கர்ஸ் தளத்தில் அட்டைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அட்டையிலும் க்யூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்பு உருவம், ஓரங்களில் ஏ, பி, சி, டி என்று சின்னதாக எழுத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், அந்த எண்ணுள்ள அட்டை. கேள்வியைக் கரும்பலகையில் எழுதுகிறீர்கள். விடை பி என்று நினைக்கிற பிள்ளை பி மேலே இருக்கும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறது. நீங்கள் போன் கேமராவை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினால் போதும், யார் என்ன விடை சொன்னார்கள், எத்தனை பேர் சரி என்று அப்போதே உங்கள் திரையில் வந்துவிடும்.

பார்த்து எழுத முடியாது என்பதுதான் இதன் அழகு. ஒவ்வொரு அட்டையின் உருவமும் வேறு வேறு, எழுத்தும் சின்னது, பக்கத்துப் பிள்ளை எதை மேலே வைத்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தப்பாகச் சொன்னவர் யார் என்று வகுப்புக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கேலிக்குப் பயந்து வாயே திறக்காத பிள்ளையும் அட்டையைத் தூக்கும்.

தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. அட்டையை லேமினேட் செய்வதென்றால் பளபளப்பில்லாத தாளில் செய்யுங்கள். பளபளத்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது. கொஞ்சம் தடிமனான அட்டையில் ஒட்டினாலே ஓராண்டு தாங்கும். விரல் கறுப்பு உருவத்தை மறைக்காமல் பிடிக்கப் பழக்குங்கள், முதல் நாள் இதற்கே பத்து நிமிடம் போகும். பட்டியலில் பிள்ளைகளின் முழுப்பெயரை ஏற்றாமல் வரிசை எண் மட்டும் போடுங்கள். இலவசக் கணக்கில் ஒரு தொகுப்பில் வைக்கும் கேள்விகளுக்கு வரம்பு உண்டு, ஆனால் ஒரு பாடவேளைக்கு நாலைந்து கேள்விக்கு மேல் தேவையும் இல்லை. இதற்குக் கொஞ்சம் நெட் வேண்டும். சுத்தமாக சிக்னலே இல்லாத பள்ளி என்றால் ஒரு தாளை நாலாக மடித்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு எழுத்தை எழுதி, நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பதிவு இருக்காது, ஆனால் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி தயாரிப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. தவறான விடைகளை ஏனோதானோ என்று போடக்கூடாது. 1/2 + 1/3 எவ்வளவு என்ற கேள்வியில் 2/5 கட்டாயம் ஒரு விடையாக இருக்க வேண்டும், ஏனென்றால் மேலே கீழே தனித்தனியாகக் கூட்டுகிற பிள்ளை அதைத்தான் தேர்ந்தெடுக்கும். பதினைந்து பேர் 2/5 என்று காட்டினால் அன்றைய பாடம் எதுவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

போனே ஆய்வுக் கருவி: ஒலியின் வேகம்

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற செயலி போனுக்குள் இருக்கும் உணரிகளைச் சோதனைக் கருவியாக மாற்றிவிடுகிறது. இலவசம், நெட் வேண்டாம். ஒலி பாடத்தில் வரும் வேகத்தைப் பிள்ளைகளே அளந்து பார்க்கலாம். சக ஆசிரியரின் போனையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வராந்தாவில், காற்றும் சத்தமும் குறைவான நேரத்தில், இரண்டு ஸ்டூல்களைச் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் போட்டு ஆளுக்கொரு போனை வையுங்கள். இரண்டிலும் அகூஸ்டிக் ஸ்டாப்வாட்ச் சோதனையைத் திறந்து இயக்குங்கள். இது சத்தத்தைக் கேட்டதும் ஓடத் தொடங்கி, அடுத்த சத்தத்தில் நிற்கும். முதல் போனுக்குப் பின்னால், இரண்டு போன்களுக்கும் நேர்கோட்டில், ஒரு பிள்ளை நின்று பலமாக ஒருமுறை கைதட்ட வேண்டும். முதல் போன் உடனே தொடங்கும், இரண்டாவது போன் சத்தம் 5 மீட்டர் பயணம் செய்து வந்து சேர்ந்ததும் தொடங்கும். சில விநாடிகள் கழித்து இரண்டாவது போனுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை தட்ட வேண்டும். இப்போது இரண்டாவது உடனே நிற்கும், முதலாவது சற்றுத் தாமதமாக நிற்கும். முதல் போனின் நேரத்திலிருந்து இரண்டாவது போனின் நேரத்தைக் கழியுங்கள். அந்த வித்தியாசம், ஒலி போக 5, வர 5, ஆக 10 மீட்டரைக் கடக்க எடுத்த நேரம். சுமார் 0.029 விநாடி வரும். 10-ஐ 0.029-ஆல் வகுத்தால் 345-ஐ ஒட்டி ஒரு எண்.

சத்தமான இடமாக இருந்தால் செயலியில் இருக்கும் த்ரெஷோல்டு அளவைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் தூரத்தில் யாரோ பேசுவதற்கெல்லாம் ஓடத் தொடங்கிவிடும். பலமுறை செய்து சராசரி எடுங்கள். "சார், புக்குல 331-னு போட்டிருக்கே?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. 331 என்பது 0 டிகிரி செல்சியஸில். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். நம் ஊரில் 30 டிகிரி வெயிலில் 349 வர வேண்டும். வகுப்பில் வெப்பமானியை எடுத்து வந்து அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி இல்லாத பள்ளிகளுக்கு ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கி, 140 மடங்கு பெரிதாக்கும், போன் கேமராவோடு ஒட்டி வைக்கலாம். வெங்காயத் தோலும் குளத்துத் தண்ணீரும் போதும் ஒரு வாரத்துக்கு.

வினாத்தாள், பயிற்சித்தாள்: தட்டச்சு நேரத்தைக் குறைக்க

கூகுள் டாக்ஸைத் திறந்து, ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக் குறியைத் தட்டிப் பேசுங்கள். தெளிவாகப் பேசினால் பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறது. ண-ன, ல-ள-ழ, ர-ற, அப்புறம் ஒற்று மிகும் இடங்கள், இந்த நான்கையும் கட்டாயம் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். தமிழாசிரியர் அல்லாதவர்கள் அச்சுக்கு முன்னால் தமிழாசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது, பிள்ளைகள் வினாத்தாளைப் பார்த்தும் எழுத்துக் கற்கிறார்கள். அச்சிட்ட பக்கத்திலிருந்து பத்தி வேண்டுமென்றால் கூகுள் லென்ஸால் படமெடுத்து எழுத்தைப் பிரித்தெடுக்கலாம். கணக்குச் சமன்பாடுகளுக்கு இது உதவாது.

பழைய வினாத்தாள்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவலி இருக்கும். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பைப் போனில் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இணையத்தில் கிடைக்கும் இலவச எழுத்துரு மாற்றிகள் மூலம் ஒரே தடவையில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள், இனி புதிதாக எதையும் யூனிகோடில் மட்டுமே அடியுங்கள். கணினியில் அடிப்பவர்கள் தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொண்டால் வேகம் வரும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரே வகைக் கணக்கை எண்களை மாற்றி இருபது விதமாகக் கேட்பது, ஒரு பத்தியை எளிமையாக்குவது போன்ற வேலைகளுக்குச் சாட்ஜிபிடியும் ஜெமினியும் நேரத்தை மிச்சப்படுத்தும். விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், தப்பு வரும். தமிழ் இலக்கணத்திலும் செய்யுளிலும் நம்பவே வேண்டாம், இல்லாத பாட்டை இருப்பதாகவே சொல்லும். பிள்ளைகளின் பெயரையும் மதிப்பெண் பட்டியலையும் அதில் ஏற்றாதீர்கள்.

பெற்றோர், படங்கள்

பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கும் முன் யோசியுங்கள். குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும், பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அதில் சங்கடம் உண்டு. பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் பெற்றோர் கூட்டத்தன்று அங்கேயே ஆளாளுக்குச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். நீளமாக எழுதாமல் அரை நிமிடக் குரல் செய்தி அனுப்புங்கள். படிக்கத் தெரியாத பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போய்விட்டுப் பெற்றோர் வீடு திரும்பும் மாலை நேரம் பார்த்து அனுப்புவது இன்னும் நல்லது.

பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை ஸ்டேட்டஸிலோ ஃபேஸ்புக்கிலோ போடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அந்தப் படம் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். செய்த மாதிரியை எடுங்கள், வரைந்த ஓவியத்தை எடுங்கள், கைகளை எடுங்கள்.

இப்போது பணம்

முதல் ஆயிரத்தைந்நூறில் ஸ்பீக்கர், போன் ஸ்டாண்ட், பிளிக்கர்ஸ் அட்டை அச்சு. அடுத்து, போனிலும் கணினியிலும் செருகக்கூடிய ஓடிஜி பென்டிரைவ் ஒன்று, நீளமான எச்டிஎம்ஐ கேபிள், நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இவற்றை ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திய பிறகுதான் பெரிய திரையைப் பற்றிப் பேச வேண்டும்.

ஐயாயிரம், ஏழாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வரும் சின்ன எல்இடி புரொஜெக்டர்களின் பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமென்ஸ் என்று போட்டிருக்கும். லூமென்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு; பார்க்க வேண்டியது, தர முறைப்படி அளந்து சொல்லும் ஆன்சி லூமென்ஸ் என்ற எண். ஜன்னல் திறந்திருக்கும் பகல் வகுப்பறைக்கு அது 3000 அளவிலாவது இருக்க வேண்டும். மலிவான புரொஜெக்டர்கள் அதன் பக்கத்தில்கூட வராது, கதவு ஜன்னலை அடைத்து, மின்விசிறிக் காற்றும் போதாமல் பிள்ளைகள் வியர்த்துப் போவார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து 43 அங்குல டிவி வாங்குவேன். அதன் திரை உயரம் அரை மீட்டருக்குச் சற்று மேல். எழுத்தை வசதியாகப் படிக்க வேண்டுமென்றால் திரை உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்துக்குள், அதாவது மூன்று மீட்டர் சொச்சத்துக்குள், உட்கார வேண்டும். இருபதடி நீள வகுப்பறையில் கடைசி வரிசை அதைத் தாண்டிவிடும். ஆகவே திரையில் ஆறேழு வரிக்கு மேல் போடாதீர்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் கடைசி பெஞ்சில் நீங்களே உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

டிவி அளவுக்கான பணத்தைச் சொந்தக் கையிலிருந்து போட வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானம் போடுங்கள், முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தருபவர்களுக்காகவே 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளித் திட்டமும் இருக்கிறது. கேட்கும்போது "ஸ்மார்ட் வகுப்பறை வேண்டும்" என்று கேட்காமல், இந்தப் பருவத்தில் போனும் ஸ்பீக்கரும் வைத்து என்னென்ன செய்தீர்கள் என்று காட்டிக் கேளுங்கள். பொருள் வந்ததும் பில்லைத் தலைமையாசிரியர் பெயரில் வாங்கி, உத்தரவாத அட்டையோடு சேர்த்து, அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். நீங்கள் மாறுதலில் போனாலும் டிவி பள்ளியில்தான் இருக்க வேண்டும். அடுத்து வரும் ஆசிரியருக்காக அதோடு அந்த ஓடிஜி பென்டிரைவையும், எந்தக் கோப்பு எந்தப் பாடத்துக்கு என்று கையால் எழுதிய ஒரு தாளையும் வைத்துவிட்டுப் போங்கள்.